மானியம் நின்றாலும் சேவை நிற்காமல் இருக்க: சமூக அமைப்புகளுக்கான முழுமையான நிதி வழிகாட்டி

வீட்டோடு கிடக்கும் முதியவர்களைப் பார்த்துக்கொள்ளும் அமைப்பு, பள்ளியை விட்ட பிள்ளைகளைத் திரும்பச் சேர்க்கும் அமைப்பு, மனநலச் சிகிச்சை முடிந்தவர்களுக்கு வேலை பழக்கும் அமைப்பு என்று எதை எடுத்தாலும் கதை பெரும்பாலும் ஒன்றுதான். மூன்று வருட மானியம் வரும். ஆள் சேர்ப்பார்கள், வேலை சூடுபிடிக்கும், ஊரில் பெயர் கிடைக்கும். மூன்றாம் வருடக் கடைசியில் நன்கொடை நிறுவனத்தின் முன்னுரிமை மாறிவிடும். நன்றாக நடந்துகொண்டிருந்த சேவை நின்றுபோகும். பழகிய கள ஊழியர்கள் வேறு வேலைக்குப் போய்விடுவார்கள். அவர்களை நம்பியிருந்த குடும்பங்களுக்கு யாரும் பதில் சொல்வதில்லை.

இந்த நிலையில்தான் நிர்வாகக் குழுவில் ஒருவர் "நாமே ஒரு தொழில் தொடங்கி வருமானம் பார்க்கலாமே" என்பார். நல்ல யோசனைதான். ஆனால் அது தொடக்கப் புள்ளி அல்ல. ஏற்கெனவே செய்துகொண்டிருக்கும் சேவையின் முழு அடக்கவிலை தெரியாத அமைப்பு, புதிதாகத் தொடங்கும் தொழிலிலும் அதைத் தெரியாமலேதான் விலை வைக்கும். அப்போது நஷ்டம் ஒன்றுக்கு இரண்டாகும். அதனால் இந்த வழிகாட்டி கணக்கிலிருந்து தொடங்குகிறது. தொழில் நான்காம் படியில்தான் வரும்.

முதல் படி: வரும் பணத்தை வகை பிரியுங்கள்

கடந்த மூன்று வருடக் கணக்கை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வரவுக்கும் மூன்று கேள்விகள். இதை எதற்கு மட்டும் செலவு செய்யலாம்? செலவுக்கு முன்னால் கைக்கு வருகிறதா, பின்னால் வருகிறதா? யார் ஒருவர் மனம் மாறினால் இது நின்றுபோகும்?

தனிநபர் நன்கொடை பெரும்பாலும் நிபந்தனை இல்லாதது. சிறுகச் சிறுக வரும். மானியம் குறிப்பிட்ட திட்டத்துக்குக் கட்டுப்பட்டது. பெரும்பாலும் முன்பணமாக வரும். மீதமானால் திருப்பிக் கொடுக்க வேண்டியிருக்கும். அரசு ஒப்பந்தத்தில் வேலையை முடித்துப் பில் கொடுத்த பிறகுதான் பணம். ஆனால் சொன்ன வேலையைச் சொன்னபடி செய்துவிட்டு அதில் மிச்சம் பிடித்தால் அந்த மிச்சம் வழக்கமாக உங்களுடையது. விற்பனை வரவு முழுக்க உங்கள் பணம், அதன் நஷ்டமும் உங்களுடையதே. கடன் வருமானமே அல்ல. அதை வரவுப் பக்கம் எழுதி நிம்மதியடைபவர்கள் இருப்பதால் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

இந்தப் பிரிப்பு முடிந்ததும் வங்கி இருப்பைப் பாருங்கள். இருப்பில் ஐம்பது லட்சம் இருக்கலாம். அதில் நாற்பத்தாறு லட்சம் அடுத்த ஆண்டுத் திட்டத்துக்கென்று வந்த முன்பணமாக இருந்தால், அமைப்பின் சொந்தக் கையில் இருப்பது நான்கு லட்சம்தான். திட்டப் பணத்தை எடுத்து இந்த மாதச் சம்பளத்தைச் சமாளித்துவிட்டு, அடுத்த மானியம் வந்ததும் ஈடுகட்டும் பழக்கம் பல இடங்களில் உண்டு. அடுத்த மானியம் தாமதமான அன்று அது மோசடிக் குற்றச்சாட்டாக வந்து நிற்கும். நிபந்தனையுள்ள பணத்துக்குத் தனி வங்கிக் கணக்கோ, குறைந்தபட்சம் தனிப் பேரேடோ கட்டாயம் வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் படி: ஒரு மணி நேரச் சேவை உண்மையில் என்ன ஆகிறது?

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள். இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள்.

வீட்டுக்கு வந்து முதியவர்களைக் கவனிக்கும் ஓர் ஊழியரை எடுத்துக்கொள்வோம். வாரம் ஐந்து நாள், நாளுக்கு எட்டு மணி நேரம். வருடத்துக்கு 260 நாள், அதாவது 2,080 மணி நேரத்துக்குச் சம்பளம் கொடுக்கிறோம். இதில் பொது விடுமுறை, ஆண்டு விடுப்பு, உடம்பு சரியில்லாத நாள், பயிற்சி நாள் எல்லாம் சேர்ந்து 40 நாள் போகட்டும். மிஞ்சுவது 220. அந்த நாட்களிலும் எட்டு மணி நேரமும் முதியவர் பக்கத்தில் இருக்க முடியாது. ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்குப் போக ஒன்றரை மணி நேரம், பதிவேடு எழுத அரை மணி, மேற்பார்வையாளரிடம் பேச அரை மணி. ஆக, சேவைக்குக் கிடைப்பது நாளுக்கு ஐந்தரை மணி நேரம், வருடத்துக்கு 1,210 மணி நேரம்.

2,080-ஐ 1,210-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 1.72. ஒரு மணி நேரச் சேவைக்கு ஒன்றே முக்கால் மணி நேரச் சம்பளம் கிட்டத்தட்டப் போய்விடுகிறது.

இப்போது காசுக்கு வருவோம். எந்த நாட்டுப் பணமாகவும் இருக்கட்டும், ஒரு மணி நேரச் சம்பளம் 100 என்று வையுங்கள். ஓய்வூதியப் பங்களிப்பு, காப்பீடு, போனஸ் என்று 15 சேர்த்தால் 115. அதை 1.72-ஆல் பெருக்கினால் 198. கையுறை, பயணப்படி, போன் செலவு 17 சேர, 215. இதற்கு மேல் மேலாளர், கணக்கர், வாடகை, ஆடிட்டர், கணினி போன்ற பொதுச் செலவுக்கு இந்த 215-ல் 20 சதவீதம் என்றால் 43. மொத்தம் 258. நெருக்கடிக்கென்று சேர்த்து வைக்கும் காப்பு நிதிக்கு ஐந்து சதவீதம், அதாவது 13 சேர்த்தால் 271.

நூறு சம்பளத்தில் தொடங்கிய ஒரு மணி நேரம் 271-ல் வந்து நிற்கிறது. ஒப்பந்தத்தில் மணிக்கு 180 தருகிறார்கள் என்றால், சம்பளத்தைவிட எண்பது அதிகம் என்று தோன்றும். உண்மையில் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் அமைப்பு 91 இழக்கிறது. சேவை பெருகப் பெருக நஷ்டமும் பெருகும். அதிக வேலை செய்தால் சரியாகிவிடும் என்று ஓடி ஓடி உழைத்த அமைப்புகள் இப்படித்தான் மூழ்குகின்றன.

மேலே உள்ள எண்கள் உதாரணத்துக்கு. உங்கள் எண்களை ஊகிக்க வேண்டாம். இரண்டு வாரம் எல்லா ஊழியர்களும் அரை மணிக்கு ஒரு முறை என்ன செய்தோம் என்று ஒரு தாளில் குறிக்கட்டும். வேவு பார்ப்பதற்காக இல்லை என்பதை முதலிலேயே தெளிவாகச் சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் எல்லோரும் எட்டு மணி நேரமும் சேவை என்றே எழுதுவார்கள். தன்னார்வலர்கள் இலவசமாகச் செய்யும் வேலையையும், யாரோ சும்மா கொடுத்திருக்கும் அறையையும் தனி வரிசையில் சந்தை மதிப்போடு குறித்துக்கொள்ளுங்கள். அவை இன்றைக்குச் செலவு இல்லை, நாளைக்குச் செலவாக மாறலாம்.

பொதுச் செலவைப் பற்றி இங்கேயே ஒன்று சொல்ல வேண்டும். நிர்வாகச் செலவு குறைவாக இருந்தால் நல்ல அமைப்பு என்ற எண்ணம் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. நன்கொடையாளர்கள் குறைத்துக் கேட்கிறார்கள். அமைப்புகள் குறைத்துக் காட்டுகின்றன. குறைத்துக் காட்டியதே அடுத்த வருட அளவாகிவிடுகிறது. கணக்கர் இல்லாத, கணினி பழுதான, மேலாளர் மூன்று பேர் வேலையைப் பார்க்கிற அமைப்பாக மெலிந்து போகிறார்கள். அமெரிக்காவில் தொண்டு நிறுவனங்களை மதிப்பிடும் மூன்று அமைப்புகளே 2013-ல் ஒன்றுசேர்ந்து, நிர்வாகச் செலவு விகிதத்தை வைத்து ஓர் அமைப்பின் தரத்தை எடைபோடாதீர்கள் என்று நன்கொடையாளர்களுக்குப் பகிரங்கக் கடிதம் எழுதின. அந்நாட்டுக் கூட்டரசு மானியங்களில், தனியாகப் பேசி விகிதம் நிர்ணயித்துக்கொள்ளாத அமைப்புகளுக்கான அடிப்படைப் பொதுச் செலவு விகிதம் 2024 அக்டோபரில் 10 சதவீதத்திலிருந்து 15 ஆக உயர்ந்தது. இந்தியாவில் வெளிநாட்டு நன்கொடையை ஒழுங்குபடுத்தும் சட்டத்தின் 2020 திருத்தம் எதிர்த்திசையில் போனது: நிர்வாகச் செலவு வரம்பு 50 சதவீதத்திலிருந்து 20 ஆகக் குறைந்தது. ஆகவே உங்களுக்குப் பொருந்தும் விதியைத் தெரிந்துகொண்டு, அதற்குள் அடங்காத செலவை வேறு எந்தப் பணம் தாங்கும் என்று திட்டமிடுங்கள். எந்தச் செலவையும் மறைக்காதீர்கள். மேற்பார்வையாளர் சம்பளம் நேரடிச் சேவைச் செலவு என்று நியாயமாகவே காட்டக்கூடியது. பல அமைப்புகள் அதைப் பொதுச் செலவில் தள்ளித் தாமே இடம் இழக்கின்றன.

மூன்றாம் படி: எல்லாச் சேவைகளையும் ஒரே தாளில் வையுங்கள்

ஒரு பக்கம் ஒவ்வொரு சேவையும் ஜனங்களுக்கு எவ்வளவு உதவுகிறது, இன்னொரு பக்கம் அது முழு அடக்கவிலையை மீட்கிறதா இல்லையா. உதவியும் அதிகம், செலவையும் மீட்கிறது என்றால் அதை வளர்க்கலாம். உதவி அதிகம், ஆனால் நஷ்டம் என்றால் எந்தப் பணத்தில் அந்த நஷ்டத்தைத் தாங்குகிறோம் என்று தீர்மானமாக எழுதி வையுங்கள். நஷ்டத்தில் ஒரு சேவையை நடத்துவது தவறே இல்லை, தெரிந்து நடத்த வேண்டும். உதவியும் குறைவு, நஷ்டமும் உண்டு என்ற கட்டத்தில் வழக்கமாக நிறுவனரின் மனசுக்குப் பிடித்த பழைய திட்டம் ஒன்று இருக்கும். அதைப் பேசத்தான் தைரியம் வேண்டும்.

நான்காம் படி: யார் பணம் கொடுப்பார்கள்?

பொதுச் சேவையில் சேவையைப் பெறுபவர் ஒருவர், பணம் கொடுப்பவர் வேறொருவர். இந்த இடைவெளியை எப்படி அடைக்கிறோம் என்பதில்தான் சமூக நிறுவனங்களின் வகைகள் பிரிகின்றன.

வசதியுள்ளவர் கட்டணம் வசதியில்லாதவர் சேவையைத் தாங்குவது ஒரு வழி. டாக்டர் கோ. வெங்கடசாமி 1976-ல் மதுரையில் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை இதற்கு உலகம் முழுக்கப் பேசப்படும் உதாரணம். ஆனால் அதைச் சொல்பவர்கள் பாதியைத்தான் சொல்கிறார்கள். கட்டணம் கட்டுபவர்கள் இருந்ததால் மட்டும் அது நிற்கவில்லை. அறுவை சிகிச்சை நிபுணரின் நேரம் ஒரு நிமிடம்கூட வீணாகாதபடி வேலையை ஒழுங்குபடுத்தி, ஒரு சிகிச்சையின் அடக்கவிலையை மிகக் கீழே கொண்டுவந்தார்கள். கண்ணுக்குள் பொருத்தும் லென்ஸ் இறக்குமதி விலையில் எட்டாத உயரத்தில் இருந்ததால், 1992-ல் ஆரோலேப் என்ற சொந்தத் தயாரிப்பு நிறுவனத்தையே தொடங்கினார்கள். அடக்கவிலை குறைந்ததால்தான் சிலர் தரும் கட்டணம் பலரைத் தாங்க முடிந்தது. இன்னொன்று: கட்டணம் கட்டுபவருக்கும் கட்டாதவருக்கும் அறை வசதியில் வித்தியாசம் இருக்கலாம், சிகிச்சைத் தரத்தில் இருக்கக் கூடாது. ஒரு கண்ணில் வெண்ணெய் மறு கண்ணில் சுண்ணாம்பு என்று ஆனால் அது தர்மத்தின் பெயரில் நடக்கும் வியாபாரம்.

தனித் தொழிலின் உபரி சேவையைத் தாங்குவது இரண்டாம் வழி. வங்கதேசத்தில் 1972-ல் ஃபஸ்லே ஹசன் ஆபெத் தொடங்கிய பிராக் என்ற தொண்டு அமைப்பு, 1978-ல் ஆரோங் என்ற கைவினைக் கடையைத் தொடங்கியது. கிராமத்துப் பெண்கள் செய்யும் பொருட்களுக்கு நிலையான சந்தை வேண்டும் என்பதே அதன் வேர். கடன் வாங்கி மாடு வளர்த்தவர்களின் பால் விற்க வழியில்லாமல் போனபோது பால் நிறுவனமும் வந்தது. இரண்டு தொழிலுமே பயனாளிகளின் ஒரு பிரச்சினையைத் தீர்க்கப் பிறந்தவை. அமைப்புக்குச் சம்பந்தமே இல்லாத தொழிலை வருமானத்துக்காக மட்டும் தொடங்குவதை நான் பெரும்பாலும் பரிந்துரைக்க மாட்டேன். அந்தத் தொழிலில் ஏற்கெனவே இருப்பவர் அதிலேயே ஊறியவர். உங்கள் மேலாளரோ பாதி நேரம் சேவையைக் கவனிக்க வேண்டியவர்.

வேலையே சேவையாக இருப்பது மூன்றாம் வழி. இத்தாலியில் 1991-ல் வந்த 381-ஆம் எண் சட்டம் சமூகக் கூட்டுறவுகளை இரண்டாகப் பிரித்தது. முதல் வகை சுகாதாரம், பராமரிப்பு, கல்விச் சேவைகளை நடத்தும். இரண்டாம் வகை, வேலை கிடைக்கச் சிரமப்படுபவர்களுக்கு வேலை தருவதற்காகத் தொழில் நடத்தும். ஊழியர்களில் குறைந்தது 30 சதவீதம் பேர் அப்படிப்பட்டவர்களாக இருக்க வேண்டும். இந்த மூன்றாம் வழியில் போகிறவர்கள் ஒரு கணக்கைத் தனியாகப் பிரிக்க வேண்டும். மனநலப் பாதிப்பிலிருந்து மீண்டு வரும் ஒருவருக்கு வேலை பழக்கக் கூடுதல் நேரம் ஆகும், பக்கத்தில் ஒரு துணையாளர் தேவைப்படுவார். அது தொழிலின் செலவு அல்ல, மறுவாழ்வுச் செலவு. அதைப் பொருளின் விலையில் ஏற்றினால் சந்தையில் விற்காது. ஏற்றாமல் விட்டால் தொழில் நஷ்டம் என்று காட்டும். அந்தப் பகுதிக்கு மட்டும் மானியம் அல்லது அரசு ஆதரவு கேளுங்கள். எவ்வளவு, ஏன் என்று தெளிவாகக் காட்ட முடிவதால் கேட்பதும் எளிது.

நான்காவது, அரசே வாடிக்கையாளர். அதற்கு ஏழாம் படியில் வருவோம்.

ஐந்தாம் படி: சின்னதாகச் சோதியுங்கள்

கட்டடம், இயந்திரம், பெயர்ப்பலகை எல்லாவற்றுக்கும் முன்னால், காசு கொடுத்து வாங்கத் தயாரான பத்துப் பேரைக் கண்டுபிடியுங்கள். "நல்ல முயற்சி, கண்டிப்பா வாங்குவேன்" என்று சொல்பவர் வாடிக்கையாளர் இல்லை. முன்பணம் கொடுத்தவர்தான் வாடிக்கையாளர்.

கணக்கும் எளிது. நூறுக்கு விற்றால் பொருள், கூலி, போக்குவரத்து போக முப்பது மிஞ்சுகிறது என்று வைத்துக்கொள்வோம். வாடகை, மேலாளர் சம்பளம் போன்ற மாறாத செலவு வருடத்துக்குத் தொண்ணூறாயிரம் என்றால், மூன்று லட்சத்துக்கு விற்றால்தான் கைக்காசு போகாமல் இருக்கும். சேவைக்கு ஒரு காசு தருவது அதற்குப் பிறகுதான். எதுவரை பொறுத்துப் பார்ப்பது, எவ்வளவு இழந்தால் நிறுத்துவது என்பதைத் தொடங்குவதற்கு முன்பே தீர்மானப் புத்தகத்தில் எழுதுங்கள். தொடங்கிய பிறகு யாருக்கும் நிறுத்த மனசு வராது.

ஆறாம் படி: சட்ட வடிவம்

பலர் இதிலிருந்து தொடங்குவார்கள். பணம் எப்படி வரும் என்று தெரிந்த பிறகு வடிவத்தைத் தேர்ந்தெடுப்பதே சரி. முக்கியமான கேள்விகள் இவை: முதலீட்டாளரைச் சேர்க்க முடியுமா? உபரியை யாருக்குப் பிரிக்கலாம்? அமைப்பு மூடினால் சொத்து யாருக்கு? வரிவிலக்கு என்னாகும்?

பிரிட்டனில் 2005 முதல் சமூக நலக் கம்பெனி என்ற வடிவம் இருக்கிறது. அதன் உயிர்நாடி சொத்துப் பூட்டு. சமூகத்துக்கென்று சேர்ந்த சொத்தைத் தனியார் கைக்கு மாற்ற முடியாது. பங்குதாரர்களுக்குத் தரும் ஈவுத்தொகையும் பகிரத்தக்க லாபத்தில் 35 சதவீதத்துக்குள் அடங்க வேண்டும். இந்தியாவில் 2013 கம்பெனிகள் சட்டத்தின் 8-ஆம் பிரிவுக் கம்பெனி ஈவுத்தொகையே தர முடியாது. அறக்கட்டளை, சங்கம், கூட்டுறவு என்று வேறு வடிவங்களும் உண்டு. உறுப்பினர்களே உரிமையாளர்களாக இருக்கும் கூட்டுறவு வழி பழையது. 1844-ல் இங்கிலாந்தின் ராச்டேலில் நெசவாளர்கள் தொடங்கிய கடை, உபரியில் இரண்டரை சதவீதத்தைக் கல்விக்கு ஒதுக்குவதை விதியாகவே வைத்திருந்தது. சேவைக்கான பங்கை லாபம் வந்த பிறகு யோசிக்காமல் விதியிலேயே எழுதி வைக்கும் அந்த வழக்கம் இன்றும் பின்பற்றத்தக்கது.

அறக்கட்டளையே நேராகத் தொழில் செய்தால் பல நாடுகளில் வரிவிலக்குக்குச் சிக்கல் வரும். இந்திய வருமான வரிச் சட்டம், கல்வி, மருத்துவம், வறுமை நிவாரணம் போன்ற தனி வகைகளில் சேராமல் பொதுப் பயன்பாடு என்ற வகையில் வரும் அமைப்புகளின் வணிக வரவு மொத்த வரவில் 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்கிறது. அதனால் தொழிலுக்குத் தனிக் கம்பெனி, சேவைக்கு அறக்கட்டளை என்று பிரித்து வைப்பது பொதுவான ஏற்பாடு. பிரித்தால் இரண்டுக்கும் இடையில் வாடகை, ஊழியர், பெயர்ப் பயன்பாடு எல்லாவற்றுக்கும் எழுத்தில் ஒப்பந்தம் வேண்டும். தொழில் நஷ்டமானால் நன்கொடைப் பணம் அதை மீட்கப் போகக் கூடாது. அனுபவமுள்ள ஆடிட்டரிடம் இதற்குச் செலவு செய்யும் கட்டணம் வீணாகாது.

ஏழாம் படி: அரசு ஒப்பந்தம்

பொதுச் சேவை செய்யும் அமைப்புக்கு மிகப் பெரிய வாடிக்கையாளர் அரசுதான். மிகவும் கவனமாகப் படிக்க வேண்டிய தாளும் அரசு ஒப்பந்தம்தான்.

விலை குறைந்தவருக்கே டெண்டர் என்ற பழக்கம் மெல்ல மாறிவருகிறது. பிரிட்டனின் 2012 சமூக மதிப்புச் சட்டம், பொதுச் சேவைகளை வாங்கும்போது அந்தப் பகுதியின் சமூக, பொருளாதார, சுற்றுச்சூழல் நலனையும் யோசிக்க வேண்டும் என்றது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2014 கொள்முதல் நெறிமுறை, ஊழியர்களில் குறைந்தது 30 சதவீதம் பேர் பின்தங்கியவர்களாகவோ மாற்றுத்திறனாளிகளாகவோ இருக்கும் நிறுவனங்களுக்குச் சில ஒப்பந்தங்களை ஒதுக்கி வைக்க இடம் தருகிறது. உங்கள் பகுதியில் இப்படி ஒதுக்கீடு, வைப்புத்தொகை விலக்கு ஏதாவது இருக்கிறதா என்று டெண்டர் வருவதற்கு முன்பே விசாரியுங்கள். டெண்டர் அறிவித்த பிறகு அதிகாரி பேச மாட்டார். அதற்கு முன்னால், சேவை எப்படி இருக்க வேண்டும் என்று யோசிக்கும் கட்டத்தில், களத்தை அறிந்த உங்கள் கருத்துக்கு மதிப்பு உண்டு.

ஒப்பந்தத் தாளில் ஐந்து இடங்களில் அடிக்கோடு போடுங்கள். எத்தனை பேருக்குச் சேவை என்பது உறுதியான எண்ணிக்கையா, "அதிகபட்சம்" மட்டுமா? உறுதி இல்லாமல் நீங்கள் ஆள் சேர்த்து வைத்தால் காத்திருக்கும் செலவு உங்கள் தலையில். குறைந்தபட்சக் கூலி உயர்ந்தால் விலையும் உயருமா? மூன்று வருட ஒப்பந்தத்தில் இந்த ஒரு வரி இல்லாமல் போனால் இரண்டாம் வருடமே கையைக் கடிக்கும். பில் கொடுத்து எத்தனை நாளில் பணம்? இலக்கு தவறினால் அபராதம் எப்படி? ஒப்பந்தம் முடியும்போது ஊழியர்கள் யாரிடம் போவார்கள், பயனாளிகளின் பதிவேடுகள் யாரிடம் போகும்?

பெரிய நிறுவனம் ஒப்பந்தம் எடுத்து, அதன் கீழ் துணை ஒப்பந்தமாக வேலை செய்ய அழைத்தால் இரட்டிப்பு எச்சரிக்கை தேவை. பிரிட்டனில் பொதுச் சேவை ஒப்பந்தங்கள் பலவற்றை வைத்திருந்த கரிலியன் என்ற பெரிய கட்டுமான நிறுவனம் 2018 ஜனவரியில் திவாலானபோது, அதற்குப் பொருளும் சேவையும் தந்த சுமார் 30,000 நிறுவனங்கள் மாட்டிக்கொண்டன. அது 120 நாள் வரை பணம் தரத் தாமதிக்கும் நிபந்தனை வைத்திருந்தது. மேலே இருப்பவருக்குப் பணம் வந்த எத்தனை நாளில் கீழே வரும் என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

பலனைப் பொறுத்துப் பணம் என்ற ஏற்பாடும் வளர்ந்துவருகிறது. முதலீட்டாளர் முதலில் பணம் போடுவார், சேவை நடக்கும், சுயேச்சையாக அளந்த பலன் வந்தால் அரசோ நன்கொடை நிறுவனமோ முதலீட்டாளருக்குத் திருப்பித் தரும். 2010-ல் இங்கிலாந்தின் பீட்டர்பரோ சிறையில் தொடங்கிய இப்படிப்பட்ட முதல் ஏற்பாடான சமூகத் தாக்கப் பத்திரம், விடுதலையானவர்கள் மீண்டும் குற்றம் செய்வதை 9 சதவீதம் குறைத்தது என்று 2017-ல் முடிவு வந்தது, இலக்கு 7.5. ராஜஸ்தானில் பெண் குழந்தைகளின் கல்விக்காக உழைக்கும் எஜுகேட் கேர்ள்ஸ் அமைப்பு 2015 முதல் 2018 வரை நடத்திய ஏற்பாட்டில் கற்றல் முன்னேற்றம் இலக்கில் 160 சதவீதத்தை எட்டியது. இவை நல்ல வெற்றிகள். ஆனாலும் சிறிய அமைப்புக்கு முதல் தேர்வாக இதைச் சொல்ல மாட்டேன். வழக்கறிஞர், அளவீட்டாளர், இடைத்தரகர் செலவு அதிகம். பேச்சுவார்த்தையே மாதக்கணக்கில் இழுக்கும். அதைவிட, பாதிப் பணம் உறுதியாகவும் மீதி எளிதில் அளக்கக்கூடிய ஒரு பலனுக்கும் என்ற சாதாரண ஒப்பந்தம் போதும். அப்படி ஒப்புக்கொள்ளும்போது ஒன்றைப் பாருங்கள்: எளிதானவர்களை மட்டும் சேர்த்தால் இலக்கு சுலபமாகும் என்ற ஆசை அந்த விலையமைப்பில் ஒளிந்திருக்கக் கூடாது. மிகவும் சிரமத்தில் இருப்பவருக்குக் கூடுதல் விலை கேட்டு வாங்குங்கள். இல்லையென்றால் அவர்கள்தான் வெளியே நிற்பார்கள்.

எட்டாம் படி: பணவரத்தும் கடனும்

லாபத்தில் இருக்கும் அமைப்பும் பணம் இல்லாமல் மூடும். ஜனவரி முழுக்க வேலை செய்கிறீர்கள். பிப்ரவரி முதல் நாள் பில். அறுபது நாளில் பணம் என்றால் ஏப்ரல் தொடக்கத்தில் வரும். அதற்குள் மூன்று மாதச் சம்பளம் கொடுத்தாகிவிட்டது. இரட்டிப்பு மடங்கு ஒப்பந்தம் கிடைத்தால் இரட்டிப்புப் பணம் கையில் வேண்டும். பெரிய ஒப்பந்தம் கிடைத்ததைக் கொண்டாடிய மூன்றாம் மாதம் சம்பளம் தவறுவது இதனால்தான்.

பன்னிரண்டு மாதத்துக்கு, மாதத்துக்கு ஒரு வரிசை என்று பணவரத்து அட்டவணை போடுங்கள். ஒப்பந்தத் தேதியை எழுதாமல், அந்த அலுவலகம் வழக்கமாக எப்போது பணம் தருகிறதோ அந்தத் தேதியை எழுதுங்கள். எந்த மாதம் இருப்பு பூஜ்யத்துக்குக் கீழே போகிறதோ, அந்தப் பள்ளத்தின் ஆழம்தான் உங்களுக்கு வேண்டிய நடைமுறை மூலதனம். டெண்டர் போடும் முன்பே முன்பணம் அல்லது மாதத் தவணை கேட்டுப் பார்க்கலாம்.

கடன் வாங்குவது பாவமில்லை. வரப்போகும் உறுதியான பணத்தின் மேல் வாங்குங்கள். வருமானம் தரும் சொத்துக்கு வாங்குங்கள். ஓட்டையை அடைக்க வாங்காதீர்கள். உறுப்பினர்களும் சுற்றியுள்ளவர்களும் பங்கு வாங்கி, ஒருவருக்கு ஒரு வாக்கு என்ற முறையில் மூலதனம் திரட்டும் சமூகப் பங்குகள் சில நாடுகளில் உண்டு. இந்தியாவில் தொண்டு அமைப்புகள் நிதி திரட்டுவதற்கென்று 2022-ல் வடிவம் பெற்ற சமூகப் பங்குச் சந்தையில், வட்டியும் இல்லாமல் அசலும் திரும்பாமல் நன்கொடையைப் பத்திரமாகத் தரும் ஏற்பாடு இருக்கிறது. அதற்கும் வெளிப்படையான கணக்கும் தாக்க அறிக்கையும் வேண்டும் என்பதால், இரண்டாம் படியை முடித்தவர்களுக்கே அது பயன்படும்.

ஒன்பதாம் படி: காப்பு நிதி

மூன்று மாதச் செலவு, ஆறு மாதச் செலவு என்று பொதுவாகச் சொல்வார்கள். உங்கள் எண்ணை நீங்களே கண்டுபிடிக்கலாம். நாளைக்கே மூட வேண்டி வந்தால் ஊழியர்களின் அறிவிப்புக் காலச் சம்பளம், பணிக்கொடை, மீதி வாடகை ஒப்பந்தம், கடைக்காரர் பாக்கி, பயனாளிகளை வேறிடம் சேர்க்க ஆகும் காலத்துக்கான செலவு எல்லாவற்றையும் கூட்டுங்கள். அது அடித்தளம். அதற்கு மேல், உங்களுக்கு அதிகம் பணம் தரும் ஒருவர் மூன்று மாதம் தாமதித்தால் என்ன தேவை என்பதைச் சேருங்கள்.

சேர்ப்பதற்கு வழி, விலையிலேயே அந்த ஐந்து சதவீதத்தை வைப்பதுதான். வருடக் கடைசியில் மிஞ்சினால் பார்க்கலாம் என்றால் எந்த வருடமும் மிஞ்சாது. காப்பு நிதியை யார் கையெழுத்தில், எந்தக் காரணத்துக்கு எடுக்கலாம், எத்தனை மாதத்தில் திரும்ப நிரப்ப வேண்டும் என்பதை ஒரு பக்கத்தில் எழுதி நிர்வாகக் குழுவில் நிறைவேற்றுங்கள். "உங்களிடம்தான் பணம் இருக்கிறதே" என்று கேட்கும் நன்கொடையாளரிடம் அந்தப் பக்கத்தை நீட்டலாம்.

பத்தாம் படி: மாதம் ஒரு பக்கம்

நிர்வாகக் குழுவுக்கு முப்பது பக்கக் கணக்கு அனுப்பினால் யாரும் படிக்க மாட்டார்கள். ஒரே பக்கத்தில்: நிபந்தனையற்ற கையிருப்பு எத்தனை வாரம் தாங்கும், ஒவ்வொரு சேவையின் அடக்கவிலையும் கிடைத்த விலையும், வசூலாகாத பில்கள் எத்தனை நாள் பழையவை, மொத்த வரவில் ஒரே இடத்திலிருந்து வருவது எத்தனை சதவீதம். அதோடு சேவையின் இரண்டு மூன்று எண்கள், முக்கியமாக யாரைத் திருப்பி அனுப்பினோம் என்ற எண்ணிக்கை. கட்டணம் கட்ட முடியாதவர்களின் பங்கு மாதாமாதம் குறைந்துகொண்டே வந்தால், தொழில் சேவையைத் தின்ன ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம்.

பதினோராம் படி: வேண்டாம் என்று சொல்வது

அடக்கவிலை 271, அவர்கள் தருவது 180. என்ன செய்வது? முதலில் கணக்கைக் காட்டிப் பேசுங்கள். அதிகாரிகளில் பலர் உண்மையான அடக்கவிலையைப் பார்த்ததே இல்லை. எல்லா அமைப்பும் குறைத்தே காட்டியிருக்கிறது. விலை ஏறாவிட்டால் அளவைக் குறைக்கக் கேளுங்கள்: நூறு பேருக்குப் பதில் அறுபத்தைந்து பேர், தரம் குறையாமல். அதுவும் இல்லையென்றால், குறையும் 91-ஐ எந்த நன்கொடை, எத்தனை வருடம் தாங்கும் என்று எழுத்தில் உறுதியானால் மட்டும் கையெழுத்திடுங்கள். உறுதியில்லை என்றால் விட்டுவிடுங்கள். கஷ்டமான முடிவுதான். ஆனால் குறைந்த விலைக்கு ஒப்புக்கொண்டால் அந்த வித்தியாசத்தைக் கடைசியில் கொடுப்பவர் கள ஊழியர், குறைந்த சம்பளமாக.

நடந்துகொண்டிருக்கும் ஒப்பந்தத்தைத் திருப்பிக் கொடுப்பதானால், ஒப்பந்தத்தில் உள்ள அறிவிப்புக் காலத்தைப் பார்த்து, அதற்கும் இரண்டு மாதம் முன்பே அதிகாரியிடம் வாய்மொழியாகச் சொல்லிவிடுங்கள். எழுத்து அறிவிப்போடு அடக்கவிலைக் கணக்கையும் இணையுங்கள். அடுத்து வருபவருக்காவது சரியான விலை கிடைக்கலாம். பயனாளிகளின் பட்டியலை அவசரத் தேவை உள்ளவர் முதலாக வரிசைப்படுத்தி, ஒவ்வொருவருக்கும் மாற்று ஏற்பாடு என்ன, அதற்கு யார் பொறுப்பு என்று எதிரே எழுதுங்கள். அவர்களுக்குச் செய்தி கடிதத்தில் போகக் கூடாது, வழக்கமாக வீட்டுக்கு வரும் ஊழியரே நேரில் சொல்ல வேண்டும். அந்த ஊழியருக்கு அடுத்த வேலை எது என்று அதற்கு முன்பே நீங்கள் சொல்லியிருக்க வேண்டும்.